ஏழுமலை அண்ணன் குடிக்கவில்லை

சமீபத்தில் தங்கவயலில், கோரமண்டல் பகுதியில் ஒரு சர்க்கரை நோய் முகாம் நடந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நாம் கையை உதறுவதற்குள் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார்கள். நானும் போயிருந்தேன். ஊருக்கெல்லாம் ஊசி போட்டவளை மட்டும் அந்த நோய் விட்டுவைக்குமா என்ன, எனக்கும் வந்து பல வருடம் ஆகிறது.

அங்கே ஒரு தட்டியில் மூளையின் படம் வரைந்து, சர்க்கரை நோய் மூளையையும் பாதிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு இளம் டாக்டர் அதை நன்றாகவே விளக்கினார். சர்க்கரை நெடுநாள் கட்டுக்கடங்காமல் இருந்தால் மறதி வரலாம், யோசனை மந்தமாகலாம். திடீரென்று மிகவும் குறைந்துபோனால் ஆள் உளறுவார், தள்ளாடுவார், கோபப்படுவார், பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைத்துவிடுவார்கள் என்றார். எல்லோரும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டினார்கள். அதுவரை எனக்கு ஒரு கோபமும் இல்லை.

வரிசையில் ஒரு கிழவர் தள்ளாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற இளம் நர்ஸ் என்னிடம், "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. தாத்தா காலைலயே போட்டுகினு வந்துட்டாரு" என்றாள். நான் எழுந்து போய் அவர் பிடரியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். பிடரி சூடாக, உலர்ந்து இருந்தது. வாயை முகர்ந்தேன். மனிதர் நிஜமாகவே போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். "நான் சொல்லல?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் எனக்கு வந்த கோபத்தில் என் சர்க்கரையைப் பார்க்காமலே எழுந்து வந்துவிட்டேன். பாவம், அந்தப் பெண் ஆட்டோ வரைக்கும் பின்னாலேயே வந்தாள். "இன்னா ஆன்ட்டி, நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே" என்றாள். அவர் குடித்திருந்தது வேறு விஷயம், நீ தொட்டுப் பார்க்காமல் சொன்னாய் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரிய வேண்டுமானால் ஏழுமலை அண்ணனைத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் யசோதா. என் அப்பா சுரங்கத்துக்குள் மரச்சட்டம் முட்டுக்கொடுக்கும் வேலை பார்த்தவர். எங்களுடையது பெரியப்பா காலத்திலேயே பௌத்தம் ஏற்ற குடும்பம். பெங்களூரில் நர்ஸ் படிப்பு முடித்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கவும் ஏச்சு வாங்கவும் பழகினேன். அறுபதுகளின் தொடக்கத்தில் தங்கவயலுக்கே திரும்பி, ஒரு சுரங்க ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் சேர்ந்தேன். தொழில் என்று நான் கற்றதெல்லாம் அங்கே கிரேஸ் சிஸ்டரிடம் கற்றதுதான்.

கிரேஸ் சிஸ்டர் மங்களூர்க்காரர். எங்கள் வார்டுக்குத் தலைவி. ஒல்லியான உடம்பு, மார்பில் குத்திய கடிகாரம், கஞ்சி மொடமொடப்பு குறையாத தொப்பி. தமிழை எங்கள் ஜனங்களிடமிருந்தே கற்றுக்கொண்டவர், அதில் கன்னடமும் கொஞ்சம் கலந்திருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அப்போது டாக்டர்களே கையிலிருப்பதை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அன்றைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. சுரங்க வாசலிலிருந்து குடித்தவர் என்று காவல்காரர்கள் கொண்டுவந்து போடுகிறவரை வார்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். வராந்தாக் கோடியில் பாயைப் போட்டுப் படுக்க வைத்துவிடுவார்கள், தெளிந்ததும் எழுந்து போகட்டும் என்று. கிரேஸ் சிஸ்டர் வந்த பிறகு அந்தப் பாயில் கிடப்பவர் ஒவ்வொருவரிடமும் அவரே போய்க் குனிவார். முதலில் புறங்கையைப் பிடரியில் வைப்பார், சர்க்கரை இறங்கியவருக்கு அங்கே சில்லென்று வேர்த்திருக்கும். பிறகு நாடி, பிறகு கண். வாயை முகர்வது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். "மூக்கு மொதல்ல போனா கையி பின்னாடி போகாது, யசோதா" என்பார். குடித்தவராகவே இருந்தாலும் இதில் ஒன்றையும் விடமாட்டார். அந்த முகாமில் நான் செய்தது அவரிடம் பழகிய பழக்கம்.

சர்க்கரை நோயாளிகள் காலை ஷிஃப்டுக்கு முன்னால் வார்டுக்குப் பக்கத்து அறைக்கு வருவார்கள். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் அப்போது மிகச் சிலர். ரத்தம் எடுத்து உடனே பார்க்கும் வசதியெல்லாம் கிடையாது, சிறுநீரில்தான் பார்ப்போம். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர். ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, மோசமாக இருந்தால் செங்கல் நிறத்தில் அடியில் படியும். வீட்டிலிருந்து பாட்டிலில் பிடித்துவந்ததை கிரேஸ் சிஸ்டர் ஏற்க மாட்டார். இங்கே வந்ததும் ஒரு தடவை போகச் சொல்லி அதைக் கொட்டிவிடுவார். அரைமணி காக்கவைத்து இரண்டாவதாக வருவதில்தான் சோதனை. மூத்திரப்பையில் பல மணி நேரமாகத் தேங்கிக் கிடந்தது பழைய கதையைத்தான் சொல்லும், உடம்பு இப்போது எப்படி இருக்கிறதென்று சொல்லாது என்பது அவர் கணக்கு. ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று ஆட்கள் முணுமுணுப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவர்தான் ஏழுமலை அண்ணன். உறவு இல்லை. எங்கள் விகாரைக்கு வருகிறவர், என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன். சுரங்கத்துக்குள் மணியடிக்கிற வேலை அவருக்கு. கேஜ் என்கிற கூண்டில்தான் ஆட்கள் பாதாளத்துக்கு இறங்குவதும் ஏறுவதும். அதை மேலே இருந்து இழுக்கிற இன்ஜின் டிரைவருக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. லெவல் என்கிற சுரங்கத் தளம் ஒவ்வொன்றிலும் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் அடிக்கும் மணிதான் அவருக்குக் கண். ஆள் ஏறினால் ஒரு கணக்கு, இறக்க ஒரு கணக்கு, நிறுத்த ஒரு கணக்கு. கணக்குத் தவறினால் கூண்டில் இருப்பவர்கள் உயிரோடு மேலே வர மாட்டார்கள். ஏழுமலை அண்ணன் தவறியதே இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இன்சுலின் போட்டுக்கொள்கிறவரை அந்த இடத்தில் வைத்திருக்கக் கூடாது, மேலே ஏதாவது வேலைக்கு மாற்றுங்கள் என்று எங்கள் பெரிய டாக்டர் ஆபீசுக்குச் சொல்லியிருந்தார். கிரேஸ் சிஸ்டரும் நேரில் போய்ச் சொன்னார். இடம் காலியானதும் பார்க்கிறோம் என்றது ஆபீஸ். இடம் காலியாகிக்கொண்டேதான் இருந்தது. அதில் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஏழுமலை அண்ணன் மட்டும் கீழே மணிக்கயிற்றோடு நின்றார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்த அநியாயத்துக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

சுரங்கத்தில் குடிக்குத் தண்டனை கடுமை. வாசலில் காவல் ஜமேதார் நிற்பார், சந்தேகப்பட்டால் "ஊது" என்பார். ஊத வேண்டும். பிடிபட்டால் வேலை போகும், வேலையோடு கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். குடித்துவிட்டுக் கூண்டில் ஏறுவது ஆபத்து, சட்டம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பயத்தால் தொழிலாளிகளுக்குள் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. கூட வேலை செய்கிறவன் எப்படியோ உள்ளே வந்துவிட்டுத் தள்ளாடினால், மேஸ்திரி கண்ணில் படாமல் வேலை முடிந்துபோன பழைய சுரங்கப் பாதைக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடுவார்கள். அவன் வேலையை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஷிஃப்ட் முடிகிற நேரம் எழுப்பி, முகத்தில் தண்ணீர் அடித்து, நடுவில் நிறுத்தி அழைத்து வருவார்கள். எத்தனையோ குடும்பத்தின் அடுப்பு அணையாமல் காப்பாற்றிய பழக்கம் அது.

அன்று காலை ஏழுமலை அண்ணனுக்கு ஊசி போட்டது நான். "போய் உடனே சாப்டுங்கண்ணே" என்றேன். "கன்னிம்மா களி கிண்டிகினு கீறா, போன ஒடனே துண்ணுட்டுத்தான் எறங்குவேன்" என்றார். கன்னியம்மா அவர் மனைவி. அவர் சொன்னபடி வீட்டுக்குத்தான் நடந்தார். வழியில் மேஸ்திரி மடக்கிவிட்டார். முதல் ஷிஃப்ட் மணிக்காரர் வரவில்லையாம், கூண்டு நிற்கிறதாம். "சாப்டணும் சார், ஊசி போட்டுகினு வரேன்" என்று அண்ணன் சொன்னதை அங்கே நின்ற பலர் கேட்டிருக்கிறார்கள். "சாப்பாட்டைக் கீழே அனுப்பச் சொல்றேன், நீ ஏறு" என்று பதில். சாப்பாடு இறங்கவில்லை. அனுப்பச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கீழே நடந்ததைப் பிறகு கோவிந்தன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கோவிந்தன் அதே லெவலில் வேலை செய்தவர், அண்ணனுக்கு மச்சான் முறை. ஆழத்தில் சூடு உங்களுக்குத் தெரிந்திருக்கும், அங்கே எல்லோருக்கும் வேர்வை ஊற்றும். ஏழுமலை அண்ணனுக்கு ஊற்றியது குளிர்ந்த வேர்வை என்பது யாருக்குத் தெரியும்? முற்பகலில் மற்றவர்களுக்குச் சர்க்கரை போட்ட டீ வந்தது. அண்ணன் கையை நீட்டியிருக்கிறார். "உனக்கு சர்க்கரை ஆகாது மாமா, சிஸ்டரம்மா திட்டும்" என்று கோவிந்தனே டம்ளரைத் தள்ளி வைத்திருக்கிறார். அன்பினால் செய்தது. அந்த ஒரு டம்ளர் டீதான் அப்போது வேண்டியிருந்தது.

பிறகு கூண்டு வந்து நின்றிருக்கிறது. ஆட்கள் ஏறிவிட்டார்கள். ஏழுமலை அண்ணன் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோவிந்தனைப் பார்த்துச் சிரித்து, "எத்தினி அடிக்கணும் மச்சான்?" என்று கேட்டிருக்கிறார்.

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்களாம். திரும்பவும் அதையே கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. கோவிந்தன் கயிற்றை வாங்கினார். அண்ணன் விடமாட்டேன் என்று சண்டைக்கு நின்றார், நாக்குக் குழறியது, கால் பின்னியது. ஆயுசில் குடிக்காத மனிதர் அன்றைக்கு ஏதோ கவலையில் குடித்துவிட்டார் என்றே எல்லோரும் முடிவுகட்டினார்கள். மேஸ்திரி வருவதற்குள் அவரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய பாதைக்குள், மணல் மேல், சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்கள். குடி தெளிய உப்பு போட்ட மோர் கொடுத்தார்கள். அண்ணன் அதைத் துப்பிவிட்டுத் தூங்கிப்போனார். நல்ல தூக்கம், தூங்கட்டும் என்று விட்டுவிட்டு வந்து அவர் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள்.

அது தூக்கம் இல்லை. ஷிஃப்ட் முடிந்து எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை.

மேலே கொண்டுவந்ததும் வாசலில் நிறுத்தினார்கள். தங்கம் கடத்துகிறார்களா என்று வெளியே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பது அங்கே வழக்கம். பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவரையும் புரட்டித் தடவினார்கள். பிறகு ஜமேதார் குனிந்து முகர்ந்துவிட்டு, "தண்ணி" என்றார். தூக்கி வந்தவர்களில் ஒருவர் முந்தின நாள் போட்டது இன்னும் போயிருக்காது, அந்த வாடைதான் அடித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஊதச் சொன்னால் ஊத முடியாத மனிதரைப் பற்றி ஜமேதாருக்கு அவ்வளவு நிச்சயம். ஸ்ட்ரெச்சர் எங்களிடம் வந்தபோதே குடித்தவர் என்ற சொல்லும் கூடவே வந்துவிட்டது. வராந்தாக் கோடிப் பாயில் கிடத்தினார்கள்.

கிரேஸ் சிஸ்டர் குனிந்து புறங்கையை வைத்தார். கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார். "காலைல இவருக்கு ஊசி போட்டியா?"

"போட்டேன் சிஸ்டர்."

"சாப்பிட்டாரா?"

கன்னியம்மா அப்போதுதான் ஓடி வந்தார், தூக்குச் சட்டியில் களி அப்படியே இருந்தது. "வூட்டுக்கே வரலியே சிஸ்டரு" என்றார். கிரேஸ் சிஸ்டர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டருக்கு ஆளை அனுப்பிவிட்டு, "குளுகோஸ்" என்றார். அது வருவதற்குள் குழாய் விட்டு மூத்திரப்பையைக் காலியாக்கி, பிறகு புதிதாகச் சொட்டியதையும் தனியாகப் பிடித்துவைத்தோம், இரண்டையும் சோதிக்க.

சர்க்கரை குறைந்து மயங்கினவருக்கு நரம்பில் குளுகோஸ் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு அதிசயம். கெட்டியான மருந்து, பெரிய ஊசிக் குழலில் ஏற்றி, மெதுவாக அழுத்த வேண்டும். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். பாதி உள்ளே போவதற்குள் ஆள் கண் திறந்து, நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று கேட்பார். அப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஏழுமலை அண்ணன் கண் திறக்கவில்லை. டாக்டர் வந்து இன்னொன்று போட்டார். பாட்டில் ஏற்றினோம். கன்னியம்மா கட்டிலின் கால்மாட்டில் களிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள்தான் அண்ணன் கண் திறந்தார். அதற்குள் மூளை வெகுநேரம் பட்டினி கிடந்துவிட்டது.

பிழைத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டோம். கன்னியம்மாவைத் தெரிந்தது, என்னைத் தெரிந்தது. கல்யாணம் நடந்த ஊரைச் சொன்னார், மணிக் கணக்குகளை ஒன்று விடாமல் சொன்னார். ஆனால் காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில் இல்லை. "தங்கச்சி, ஷிஃப்டுக்கு நேரமாச்சா?" என்று கேட்பார். லீவு அண்ணே என்பேன். சரி என்று தலையாட்டுவார். நான் அடுத்த கட்டிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் மறுபடி கேட்பார். நாள் போகப் போகச் சரியாகலாம் என்று டாக்டர் சொன்னார். கொஞ்சம் சரியானது, பெரும்பகுதி ஆகவில்லை.

இதற்கிடையில் ஆபீசில் விசாரணை வைத்தார்கள், வேலை நேரத்தில் குடித்துவிட்டுத் தூங்கியதாக. நோய் என்று ஒப்புக்கொண்டால், இன்சுலின் போடுகிறவரை ஏன் கீழே வைத்தாய், சாப்பிடாமல் ஏன் இறக்கினாய் என்ற கேள்விகள் வரும். குடி என்றால் ஒரு கேள்வியும் இல்லை, பழி முழுக்கச் செத்துப் பிழைத்தவர் தலையில். இவ்வளவுதான் விஷயம். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கிரேஸ் சிஸ்டரும் நானும் போனோம். விசாரணை அதிகாரி சுமாராகத் தமிழ் பேசுவார், மரியாதையாகவே பேசினார். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. கிரேஸ் சிஸ்டர் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். அதிகாரி கேட்டார்: "சர்க்கரை குறைந்ததால் மயக்கம் என்கிறீர்கள். ஆனால் அன்றைக்கு இவர் மூத்திரத்தில் சர்க்கரை நிறைய இருந்தது என்று உங்கள் ஆஸ்பத்திரிதானே சொல்கிறது?"

"அது முதலில் எடுத்தது. காலையிலிருந்து தேங்கிக் கிடந்தது. அதைக் காலியாக்கிய பிறகு புதிதாகச் சொட்டியதில் நீலம். அந்த முடிவும் உங்களிடம் இருக்கிறது" என்றார் சிஸ்டர். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"ஒரே மனிதர், ஒரே நாள். ஒன்று நிறைய, ஒன்று இல்லை. எதை நம்புவது?" என்று அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், சொல்லித்தர ஆள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

அப்போது கோவிந்தன் எழுந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பேசினால் தன் வேலையும் போகலாம் என்று தெரிந்தே எழுந்தார். "நாங்கதான் சார் அவர அங்க படுக்க வெச்சோம். அவரா போய் தூங்கல. தண்டனை குடுக்கறதுன்னா எனக்குக் குடுங்க."

"ஏன் படுக்க வைத்தீர்கள்?"

கோவிந்தனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "குட்ச்சிகினு கீறாருன்னு நெனச்சிட்டோம் சார். நெனச்சதுதான் தப்பு. அவரு குடிக்கிற ஆளே இல்ல."

கடைசி வாக்கியம் அதிகாரியின் காதில் விழவே இல்லை. "கூட வேலை செய்கிறவர்களே குடித்திருந்தார் என்கிறார்கள்" என்று அவர் சொன்னார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எழுந்த மனிதரின் வாயிலிருந்து ஒரு சொல்லை மட்டும் பிடுங்கி, அவருடைய மாமன் கழுத்திலேயே கட்டினார்கள். கோவிந்தன் நின்ற இடத்திலேயே அழுதார்.

பிறகு ஏழுமலை அண்ணனைக் கேட்டார்கள். புதுச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரி, கன்னியம்மா கூட்டி வந்திருந்தார். இந்த நிலையில் அவரை விசாரிக்கக் கூடாது, அன்று நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை என்று கிரேஸ் சிஸ்டர் சொன்னார். ஒரு கேள்விதான் என்றார் அதிகாரி.

"அன்றைக்குக் குடித்தீரா?"

ஏழுமலை அண்ணன் யோசித்தார். பாவம், நிஜமாகவே யோசித்தார். அந்த நாள் இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு ஒன்றுமே இல்லை. வார்டில் பார்க்க வந்தவர்கள், லைனில் பக்கத்து வீட்டார், இதோ இந்த அறையில் இருப்பவர்கள் என்று எல்லோரும் குடி குடி என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கன்னியம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "இத்தினி பேர் சொல்றீங்களே சார். குட்ச்சிருப்பேன். தப்புதான், மன்னிச்சிக்குங்க" என்றார்.

"பாத்தீங்களா சிஸ்டர்" என்றார் அதிகாரி.

கிரேஸ் சிஸ்டர் எழுந்தார். "நான் பார்த்தேன். நீங்கள்தான் பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டு, ஏழுமலை அண்ணனின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வேலை போனது. வீடு போனது. கன்னியம்மா அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்பில் தன் தம்பி வீட்டோடு போய்ச் சேர்ந்தார். கிரேஸ் சிஸ்டர் கோலார் வரைக்கும் போய் மனு கொடுத்துப் பார்த்தார். போன இடமெல்லாம், அவரே ஒப்புக்கொண்டிருக்கிறாரே என்ற ஒரே பதில்தான். ஞாபகம் கெட்டுப்போனவர் கொடுத்த வாக்குமூலத்தை இவ்வளவு பத்திரமாக ஞாபகம் வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு கிரேஸ் சிஸ்டர் ஒன்று செய்தார். இன்சுலின் போட்டுக்கொள்கிற ஒவ்வொருவர் பையிலும் காகிதத்தில் மடித்த வெல்லத்துண்டு ஒன்றை வைத்து அனுப்பினார். முதல் நாளே வாசலில் ஜமேதார் பிடுங்கிப் போட்டார். கிரேஸ் சிஸ்டர் அந்த வெயிலில் சுரங்க வாசலுக்கு நடந்து போய் அவர் முன்னால் நின்றார். என்ன சொன்னார் என்று தெரியாது, நான் அருகில் இல்லை. அதன் பிறகு வெல்லத்தில் யாரும் கை வைக்கவில்லை. கீழே முதலுதவி செய்கிறவர்களையும் வரவழைத்துச் சொன்னார்: "விழுங்கற நெலமைல இருந்தா, மொதல்ல வாயில இனிப்பக் குடு. குடிச்சவனா இருந்தா இதால ஒண்ணும் கெட்டுப்போகாது. சர்க்கரைக்காரனா இருந்தா பொழச்சுக்குவான். யாருன்னு அப்புறம் பாத்துக்கலாம்." இதைச் சொல்ல ஒரு மனிதரின் மூளை போக வேண்டியிருந்தது.

ஏழுமலை அண்ணன் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தார். எழுபதுகளில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கன்னியம்மா அவரை விகாரைக்குக் கூட்டி வருவார். பந்தே என்று நாங்கள் கூப்பிடுகிற பிக்கு பஞ்சசீலத்தின் ஐந்து உறுதிகளையும் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொல்வோம். கொல்லேன், திருடேன் என்று ஒவ்வொன்றாக அண்ணன் கணீரென்று சொல்வார். மது தொடேன் என்கிற ஐந்தாவது வந்ததும் நிறுத்திவிடுவார். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் என்னைத் தேடி வருவார்.

"தங்கச்சி, அஞ்சாவது நான் சொல்லக் கூடாது இல்ல? நான் ஒடச்சிட்டேன்."

"நீங்க ஒடைக்கலண்ணே. நீங்க குடிச்சதே இல்ல. சர்க்கரை கொறஞ்சி மயக்கம் வந்துது. நான் பக்கத்துலயே இருந்தேன்."

அவர் முகம் அப்படியே மலர்ந்துபோகும். "நெசமாவா?" என்பார். திரும்பி, "கன்னிம்மா, நான் குடிக்கலியாம். தங்கச்சி சொல்லுது" என்று கூப்பிட்டுச் சொல்வார். கன்னியம்மாவும் இப்போதுதான் கேட்பதுபோல, "அப்டியா, நல்லதாப் போச்சி" என்பார். அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி ஐந்தாவதில் நிறுத்துவார். மறுபடி என்னைத் தேடி வருவார். நான் மறுபடி சொல்வேன். எனக்கு அது சலித்ததே இல்லை, ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வரும்போது அந்த அதிகாரியை மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் வருவேன்.

முகாமில் அந்த இளம் டாக்டர், கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். எனக்கு ஒன்று இருந்தது. காலையில் தின்ற களி நினைவில் நிற்கவில்லை, நான் சொன்ன உண்மை ஒரு மாதம் நிற்கவில்லை. நீ குடித்தாய் என்று அடுத்தவர்கள் ஏற்றிவிட்ட பொய் மட்டும் அந்தத் தலையில் எப்படிச் சாகும்வரை நின்றது? கேட்டிருக்கலாம். அதற்குள் கிழவர் தள்ளாடினார், அந்தப் பெண் சிரித்தாள், நான் எழுந்துவிட்டேன்.

ஏழுமலை அண்ணன் இறந்தபோது ஸ்கெலட்டனில் அந்தச் சின்ன வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். கோவிந்தன் தலைமாட்டில் நின்றார். ஓய்வு பெற்று மங்களூருக்குப் போயிருந்த கிரேஸ் சிஸ்டருக்குத் தந்தி கொடுத்திருந்தேன், வந்து சேர முடியவில்லை. பிக்கு வந்து, கூடியிருந்தவர்களுக்குப் பஞ்சசீலம் சொன்னார். நாங்கள் திருப்பிச் சொன்னோம். ஐந்தாவது முடிந்து பிக்கு அடுத்ததற்குப் போக வாயெடுத்தார். கன்னியம்மா மட்டும் தனிக் குரலில் அதையே இன்னொரு தடவை முழுதாகச் சொன்னார். பிக்கு நிமிர்ந்து பார்த்தார்.

"மொதல்ல சொன்னது எனக்கு பந்தே," என்றார் கன்னியம்மா. "இது அவருக்கு."